கடல் இல்லாத ஊரில் ஒரு வீக் ஆஃப்

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், பெங்களூரு ஓய்வெடுக்க எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கே.ஏ. எண் போட்ட கார்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக வந்தபடி இருக்கின்றன. பின் இருக்கையில் தலையணை, கூரையில் சூட்கேஸ், கண்ணாடியில் காலை வைத்துத் தூங்கும் குழந்தை. இங்கேதான் சாலை பிரிகிறது. 44 சேலம் வழியாகக் கன்னியாகுமரிக்கு, 48 சென்னைக்கு, 77 திருவண்ணாமலை, திண்டிவனம் தொட்டுப் புதுச்சேரிப் பக்கம். மூன்றும் கடைசியில் கடலுக்குத்தான் போகின்றன. கிருஷ்ணகிரியில் இறங்குகிறவர்கள் டீக்கும் கழிப்பறைக்கும்தான் இறங்குகிறார்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. விருந்தாளி வந்து நிற்கும்போது கையில் காசு இல்லாவிட்டாலும், “வாங்க, பீச்சுக்குப் போயிட்டு வரலாம்” என்று கிளம்பிவிடலாம். மணலுக்குக் காசில்லை, காற்றுக்குக் காசில்லை. செலவெல்லாம் சுண்டலோடு சரி. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி மேலே இருக்கிறது. அங்கே வீட்டுக்கு ஆள் வந்தால் எங்கே கூட்டிப்போவது? இந்தக் கேள்வி எழுந்தபோது வந்து நின்ற ஆள் நான்தான்.

தம்பி மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறை, நான்கு பேர். இவன், தேனிப் பையன் ஒருவன், ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிறது. மீதியில் வாடகை, மெஸ், ரீசார்ஜ். வாரத்துக்கு ஒரு நாள் வீக் ஆஃப். அது ஞாயிறாகத்தான் இருக்கும் என்றில்லை, ஆளாளுக்கு ஒரு கிழமை. அந்த ஒரு நாளை நூறு ரூபாய்க்குள் கழிப்பதில் நான்கு பேரும் கரைகண்டவர்கள்.

“பெரியப்பா, ஒரு எடத்துக்குப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாக்கணும். டவுன் பஸ் போகுதா, நெழல் இருக்கா, சிக்னல் கெடைக்குதா.”

“சிக்னல் எதுக்குடா?”

“வீடியோ கால் போட வேணாமா? எங்க இருக்கேன்னு அம்மாவுக்குக் காட்டணும்ல.”

மாவட்டத்தின் சுற்றுலாப் பட்டியலை நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இவன் பட்டியல் அதைவிடச் சிறியது, ஆனால் ஒவ்வோர் இடமும் கால் வலிக்க நடந்து சரிபார்த்தது. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த காலத்திலிருந்து இந்த ஊருக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. அசோக் லேலண்டு வந்தது, டைட்டன் வந்தது, 2019இல் ஊர் மாநகராட்சியும் ஆனது. இப்போது கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர். விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ரிசார்ட்டுகள் பெங்களூருவைப் பார்த்து விளம்பரப் பலகை வைக்கின்றன. ஊரைச் சுற்றிப் பார்ப்பவர்கள் யாரென்றால் இந்தப் பிள்ளைகள்தான்.

காலையில் முதலில் கூட்டிப்போனது சந்திரசூடேஸ்வரர் மலைக்கு. நெடுஞ்சாலையை ஒட்டிய குன்று, பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மேலே வரை வண்டி போகும் பாதை இருந்தாலும் படியில் ஏறுவதுதான் அழகு. இங்கே அம்பாள் மரகதாம்பிகை. சிவன் பச்சை நிறத்தில் மின்னும் உடும்பாக வந்து போக்குக்காட்ட, பார்வதி துரத்திப் பிடித்தாள் என்பது தலபுராணம். பங்குனியில் தேர் ஓடும்போது தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றிலிருந்தும் கூட்டம் வரும். சாதாரண நாளிலும் படியில் காதைத் தீட்டிக்கொண்டு ஏறினால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் விழும். ஒரே குடும்பத்தில் பாட்டி தெலுங்கில் கேட்க, பேத்தி தமிழில் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஏறினேன். சமீப ஆண்டுகளில் நான்காவதாக இந்தியும் சேர்ந்திருக்கிறது. அது அரசாணையால் ஏறிவரவில்லை, ரயிலேறி வந்தது.

மேலே போனதும் சிப்காட் முழுக்கத் தெரிகிறது. தகரக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்கள். எல்லோரும் மலையழகைப் பார்க்க ஏறுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்ற பையன்களில் பாதிப் பேர் விரலை நீட்டித் தங்கள் கம்பெனியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனைத் திருப்பி, நீலக் கூரை ஒன்றைக் காட்டி, போஜ்புரியோ மைதிலியோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு நாளும் உள்ளே நிற்கிற இடத்தை ஏழாம் நாள் வெளியிலிருந்து பார்க்க ஏறிவருகிறார்கள். எனக்கு முதலில் வேடிக்கையாகவும், கொஞ்ச நேரத்தில் நியாயமாகவும் பட்டது.

கீழே இறங்கித் தட்டு இட்லி சாப்பிட்டோம். எல்லையைத் தாண்டி வந்த பலகாரம், இங்கேயே குடியேறிவிட்டது. இரண்டு தின்றால் மதியம்வரை பசி எட்டிப்பார்க்காது. உழவர் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினோம். இந்தச் சந்தைத் திட்டம் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது. வியாபாரம் சூடாக நடக்கும் சந்தைகளில் ஓசூரும் ஒன்று. கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் மண் உதிராமல் கிடந்தன. வெளியே பூ வியாபாரம். பிப்ரவரி 14க்கு முந்திய வாரங்களில் ஓசூர் ரோஜா விமானம் ஏறும். தாஜ்மகால் என்று ஒரு சிவப்பு ரகம் இங்கே பேர்போனது. தரத்தில் கழித்த பூக்கள் சந்தைக்கு வந்துவிடுகின்றன. காம்பு கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான் குற்றம்.

ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் தொரப்பள்ளி. சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10இல் பிறந்த ஊர். அவர் தந்தை இங்கே முன்சீப்பாக இருந்தார். பிறந்த வீடு அரசின் நினைவு இல்லம், கட்டணம் கிடையாது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் புகைப்படங்கள், சுவரில் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பு, நல்ல குளிர்ச்சி. நாங்கள் போன நேரத்தில் வேறு ஆளே இல்லை. தம்பி மகனுக்கு ராஜாஜி என்றால் பாடப்புத்தகத்தில் பார்த்த கறுப்புக் கண்ணாடி. சொந்தக்காரன் வீட்டுக்கு வந்தவனைப்போல் திண்ணையில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தான். பரவாயில்லை, நிழலும் சிக்னலும் இருந்தன.

எனக்கு ஓடிக்கொண்டிருந்தது வேறு நினைப்பு. கடலையே காணாத இந்தப் பூமியில் பிறந்தவர்தான் 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி வேதாரண்யம் கடற்கரைக்குப் போய் உப்பெடுத்தார். ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணையும் கடலுக்குப் போகிறதுதான், அது கடலூர் வழியாக. ஆளும் ஆறும் சந்தித்த இடம் ஒன்று, கரை சேர்ந்த இடம் வேறு.

அந்த ஆற்றைப் பார்க்கத்தான் அடுத்துக் கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். போகும்போதே பையன் எச்சரித்தான்: “பார்க் நல்லா இருக்கும் பெரியப்பா. தண்ணிகிட்ட மட்டும் போகாதீங்க.” அணை சிறியதுதான், நீர்மட்டம் 44 அடிக்குக் கொஞ்சம் மேல். பூங்காவில் மரம், ஊஞ்சல், மக்காச்சோளம் சுடும் அக்கா. குடும்பத்தோடு வந்தவர்கள் ஜமக்காளம் விரித்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு ஒரு கதிர் வாங்கி, எலுமிச்சையில் உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தேய்த்துக் கடித்துக்கொண்டே மதகுப் பக்கம் நடந்தால், ஆறு பொங்கி வருகிறது. நிஜமாகவே பொங்குகிறது. மதகிலிருந்து விழும் தண்ணீர் வெள்ளை வெளேரென்று நுரைத்து, நுரை காற்றில் எழும்பி, கரையோரச் செடிகளின் மேல் உட்காருகிறது.

தூரத்திலிருந்து பார்த்தால் அலை என்றே தோன்றும். பெங்களூருவிலிருந்து வந்த ஒரு சிறுமி அப்படித்தான் நினைத்துக்கொண்டு கைதட்டினாள். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கிழக்கு ஓரமாக வந்து, நகரத்து ஏரிகளிலிருந்து வழியும் சாக்கடையையும் சோப்புத் தண்ணீரையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு, கொடியாளம் பக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நுரையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்; அதன் தம்பிதான் இது. மழைக்காலத்தில் அதிகமாகத் தண்ணீர் திறக்கும்போது கீழேயுள்ள தரைப்பாலத்தை நுரை மூடிப் போக்குவரத்து நின்ற நாட்களும் உண்டு. இந்தத் தண்ணீரில்தான் கீழே நெல்லும் காய்கறியும் விளைய வேண்டும். சிறுமியின் அப்பா படம் எடுத்தார், முகத்தைச் சுளித்தார், காரில் ஏறினார். தன் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் போன வாரம் வடிந்தது இதில் எத்தனை பங்கு என்று அவரிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விடுமுறை நாளில் ஒருவரிடம் கேட்கிற கேள்வியா அது என்று விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் கெலவரப்பள்ளியைப் பட்டியலிலிருந்து நான் நீக்கமாட்டேன். ஒரு பெருநகரத்துக்குக் கீழே குடியிருப்பது என்றால் என்னவென்று, மதகுக்கு நூறு அடி தள்ளி நின்றபடி காசில்லாமல் தெரிந்துகொள்ள வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ரயில் பிரியர்களுக்கு ஒரு யோசனை. ஓசூரிலிருந்து தருமபுரி, சேலம் பக்கம் போகும் சாதாரண ரயிலில் ஏறி ராயக்கோட்டையில் இறங்குங்கள். கொரோனா காலத்தில் 30 ரூபாயாக ஏறிய குறைந்தபட்சக் கட்டணம் 2024இல் மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. ராயக்கோட்டைக்கு அதையொட்டித்தான் ஆகும். கெலமங்கலம் தாண்டியதும் ஜன்னல் இருக்கை கிடைத்தவன் பாக்கியவான். கேழ்வரகுக் கொல்லை, தக்காளிக்கு ஊன்றிய குச்சிகள், திடீரென்று நடுக்காட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி மொட்டைப் பாறைகள். பெட்டியில் கூடையோடு ஏறிய அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எந்த ஊரு சாமி?” என்று கேட்டார். கோட்டை பார்க்கப் போகிறேன் என்றதும், “அங்க என்னா இருக்குது, கல்லுதான் இருக்குது” என்றார்.

கல்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லில் ஏறி நின்றால் இந்த மாவட்டத்தின் வரலாறு பாதி விளங்கிவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. டிக்கெட் கொடுக்க ஆளில்லை. பாறையில் வெட்டிய படிகளும் சிதைந்த மதிலும் சுனைகளும் தாண்டி மூச்சு வாங்க ஏற வேண்டும். தண்ணீர் பாட்டில் கட்டாயம், காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவது உத்தமம். மைசூர் மேட்டுநிலம் முடிந்து, பழைய காலத்தில் பாராமகால் என்று சொன்ன இந்தப் பக்கத்துச் சமவெளி தொடங்கும் விளிம்பு இது. மேலே இருப்பவன் யார் வருகிறான், யார் போகிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1791 ஜூலையில் திப்புவின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேய மேஜர் கௌடியின் படை இதைப் பிடித்தது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ஸ்ரீரங்கப்பட்டினத்தை முடிக்கப் போனதும் இந்த வழிதான். எந்தக் காலத்திலும் இது வழிதான். அன்றைக்குப் பீரங்கி வண்டி, இன்றைக்குக் கன்டெய்னர். இறங்கியதும் தக்காளி மண்டிப் பக்கம் போங்கள். ராயக்கோட்டைத் தக்காளியின் விலை சென்னைச் சமையலறைவரை கேட்கும். விலை விழுந்த நாளானால் ஒரு பை நிறைய எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையிலேயே திணிப்பார்கள். அந்த இலவசத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறுகிய பாதை ரயில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் நின்றுபோனது. மாவட்டத் தலைநகரம், 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம், இன்னமும் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது. நானும் பஸ்ஸில்தான் போனேன்.

அரசு அருங்காட்சியகம் காந்தி சாலையில். ஐந்து ரூபாய். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைத் தெரியாமல் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அதிகம். உள்ளே நடுகற்களுக்காகப் போக வேண்டும். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன், கையில் வில்லும் உடம்பில் தைத்த அம்புமாக நிற்கிறான். புலியைக் குத்திச் செத்தவன் இன்னொரு கல்லில். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கற்கள் வயலோரத்திலும் புளியமரத்தடியிலும் சாதாரணமாக நிற்கும். பல இடங்களில் பொட்டு வைத்துப் பொங்கலிட்டுக் கும்பிடுகிறார்கள். அருங்காட்சியகத்தில் பார்ப்பதைவிட அப்படி வழியில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பெயர்ப்பலகை இராது, சாம்பிராணி வாசம் இருக்கும்.

ஊர் நடுவே எழும்பி நிற்பது சையத் பாஷா மலை, அதன் மேல் கிருஷ்ணகிரிக் கோட்டை. விஜயநகரக் காலத்துக் கோட்டை என்பார்கள். பாராமகாலின் கோட்டைகளில் மிரட்டலானது இதுதான். 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தான். மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள், வெள்ளைக்காரன் படை திரும்பி ஓடியது. பீரங்கிக்கு மசியாத கோட்டை அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின் ஒரு கையெழுத்தில் கைமாறியது. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த இளைஞர் தாமஸ் மன்றோ. குடியானவனிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை இந்த இரண்டு பேரும் பழகிப் பார்த்தது இந்தப் பாராமகால் வயல்களில்தான். சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலையைப் பார்க்கிறவர்கள், அவர் தொழில் பழகிய இடம் இது என்பதை நினைப்பதில்லை.

இன்றைக்கு மலையேறுகிறவர்களில் பாதிப் பேர் உச்சியிலுள்ள தர்காவுக்குப் போகிறவர்கள். நேர்ச்சை உள்ள இந்துக் குடும்பங்களும் ஏறுகின்றன. ஏறுவதற்குக் காசில்லை, இறங்கும்போது முட்டிதான் கணக்குக் கேட்கும். உச்சியிலிருந்து பார்த்தால் மாந்தோப்புகள் கண்ணுக்கெட்டிய தூரம். இங்கே அதிகம் விளைவது கிளிமூக்கு மாதிரி வளைந்த தோத்தாபுரி, ஊர்க்காரர் வாயில் ‘பெங்களூரா’. பெரும்பகுதி மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிறது. வாயில் வைத்துச் சாப்பிடச் செந்தூரா கேளுங்கள். கோடையில் நடக்கும் மாங்கனிக் கண்காட்சிக்குச் சில்லறைக் காசோடு போய், நூறு விதமான மாம்பழத்தை வாசம் பிடித்துவிட்டு வரலாம்.

மல்லசந்திரத்துக்கு மட்டும் பஸ்ஸை நம்பிப் பயனில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில், சாமல்பள்ளத்தில் திரும்ப வேண்டும். தம்பி மகன் யாரிடமோ ஒரு எக்ஸ்.எல். வண்டியை இரவல் வாங்கினான்; ஓசூரில் செய்த வண்டி, ஓசூர் மேட்டில் முக்கி முக்கித்தான் ஏறியது. ஒரு பாறைக்குன்றின் மேல் நூற்றுக்கணக்கில் கல்திட்டைகள். நான்கு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல், ஒரு பக்கம் வட்டமாக ஒரு துளை. சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை நிறத்தில் ஓவியங்கள். தமிழ்நாட்டின் வடபகுதியில் பல இடங்களிலும் இவற்றைப் பாண்டவர் வீடு என்றோ குள்ளர் வீடு என்றோ சொல்வார்கள். செத்தவர்களுக்காகக் கட்டிய வீடுகள் இவை. அந்த மனிதர்களுக்கு இரும்பு தெரிந்திருந்தது. பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பிறகு 2025இல் சிவகளையில் கிடைத்த இரும்பு அதையும் தாண்டிவிட்டது, அது வேறு கதை. நாலாயிரம் வருஷமாக இந்தப் பக்கம் இரும்பு வேலைதான் என்று நான் சொன்னேன். “ஓ.டி. குடுத்தாங்களா?” என்றான் பையன்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று காட்டோர ஊர்களின் பெயர்கள் ஆசை காட்டும். குளிர்ந்த காற்று, ஏரிகள், தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோயில், எல்லாம் உண்டு. ஆனால் கேழ்வரகு முற்றும் மாதங்களில் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் கூட்டமாக இறங்கி வருகின்றன. அந்த வழியில் அவை நம்மைவிடப் பழைய பயணிகள். காட்டின் ஒரு பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் இருசக்கர வண்டியில் சுற்றாதீர்கள். வனத்துறைக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொல்வதை வேடிக்கைக்காகச் சொல்வதில்லை.

கடற்கரையில் மீன் வறுவல் தின்ற நாக்குக்கு இங்கே ஆறுதல் கிருஷ்ணகிரி அணை. 1957இல் காமராசர் திறந்துவைத்தது, 52 அடி, கீழே ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். 2017 நவம்பரில் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வீணாக ஓடியதை ஊரே வந்து நின்று பார்த்தது. பூங்காவுக்குச் சில ரூபாய் கட்டணம். வெளியே வரிசையாக மீன் கடைகள். மசாலா தடவிய கட்லா, ரோகு, ஜிலேபி துண்டுகளைத் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கையைக் காட்டினால் கல்லில் போட்டு எடுத்துத் தருவார்கள். கெலவரப்பள்ளி நுரையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அதே ஆற்றின் மீன் எப்படி இறங்கும் என்று கேட்கலாம். எனக்கும் முதல் துண்டுக்குமுன் அந்தத் தயக்கம் இருந்தது. “எல்லாரும் கேக்குறாங்க சார், கேட்டுட்டு ரெண்டு பிளேட்டு சாப்புடுறாங்க” என்றார் கடைக்காரர். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். அணைக்கு வரமுடியாதவர்கள் அவதானப்பட்டி ஏரியில் படகேறலாம், பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு அது சரி.

போக்குவரத்துச் செலவைப் பற்றிப் பெண்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் காசில்லை. இது ஊர் சுற்றுவதையே மாற்றியிருக்கிறது. முன்பெல்லாம் விடுதிப் பெண்கள் வீக் ஆஃபில் துணி துவைத்து, தூங்கி எழுவதோடு சரியாம். இப்போது நான்கைந்து பேராகச் சேர்ந்து, மலைக்கோயில், அணை, சந்தை என்று கிளம்பிவிடுகிறார்கள். கெலவரப்பள்ளியில் பார்த்த கூட்டத்தில் ஆண்களைவிட அவர்கள்தான் அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகமும் 2023 ஜூனிலிருந்து தன் மாநிலப் பெண்களுக்கு இலவசமாக்கிவிட்டது. இரண்டு மாநிலமும் தண்ணீருக்குச் சண்டை போடலாம், இந்த விஷயத்தில் ஒன்றையொன்று பார்த்துப் படிக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மகனுக்கு ஷிஃப்ட். அவனுடைய அறைத்தோழன், ஒடிசாப் பையன், தனக்கு வீக் ஆஃப் என்று என்னோடு போச்சம்பள்ளிச் சந்தைக்கு வந்தான். ஞாயிறுதோறும் கூடும் சந்தை, தமிழ்நாட்டின் பெரிய வாரச்சந்தைகளில் ஒன்று. வெள்ளிக்கிழமை ஆட்டுக்குக் குந்தாரப்பள்ளி, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் போச்சம்பள்ளி என்று கணக்கு. மாடு, ஆடு, கயிறு, அரிவாள், புளி, விதை, கருவாடு, பழைய சட்டை, கோழிக்குஞ்சு. மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள், முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. பையன் இதைப் பார்த்துச் சிரித்தான். அவன் ஊர் வாரச்சந்தையான ஹாட்டிலும் கோழி, ஆடு எல்லாம் உண்டாம். அங்கே சத்தம் இன்னும் அதிகம் என்றான்.

இரண்டு மணிநேரம் ஒன்றும் வாங்காமல் சுற்றினோம். கரும்புச்சாறு, ஒரு போண்டா, அவ்வளவுதான் செலவு. கிளம்பும் நேரத்தில் அவனுக்குச் சபலம் தட்டி ஒரு நாட்டுச் சேவலை விலை கேட்டான். தமிழில் எண் மட்டும்தான் தெரியும், அதை வைத்தே நூற்றைம்பது ரூபாய் குறைத்தான். விற்ற ஆள் என்னைப் பார்த்து, “உங்க பையனா? பொழச்சுக்குவான்” என்றார். நான்கு பேருக்கு இரவுக் குழம்பு என்று கணக்குப் போட்டு, காலைக் கட்டிப் பைக்குள் வைத்து, டவுன் பஸ்ஸில் ஏறினோம். முன்பக்கம் முழுக்கப் பெண்கள், இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே நடத்துநர் எங்களிடம் வந்தார். பைக்குள் இருந்தது சரியாக அந்த நேரம் பார்த்துக் கூவியது.

“இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்பா.”

“அண்ணா, ச்சின்ன கோழிண்ணா,” என்று கெஞ்சினான் பையன்.

நடத்துநர் பையை விலக்கி எட்டிப் பார்த்தார். “சேவலு. பொட்டக்கோழியா இருந்தா ஃப்ரீயா விட்டிருப்பேன்.”